தண்ணீர்ப் பந்தல் அக்கா

அந்த வீட்டு வாசல்வரை போன யாரும் தண்ணீர் குடிக்காமல் திரும்பியதில்லை. போஸ்ட்மேன், கேஸ் சிலிண்டர்காரர், ஓட்டுக் கேட்டு வந்தவர்கள், தப்பான விலாசத்தோடு வந்து கதவைத் தட்டியவர் என்று எல்லாருக்கும் ஒரே மரியாதைதான். வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கலாம். சொன்னால், அக்கா எவர்சில்வர் டம்ளரை நீட்டியபடியே நிற்பாள். கையை இறக்க மாட்டாள். ரெண்டு நிமிஷத்தில் வந்தவருக்கே சங்கடமாகிவிடும். வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வந்த விஷயத்தைச் சொல்ல முடியும்.

இதைக் கேட்டால் ஏதோ தாராள மனசுக்காரி என்று தோன்றும். தண்ணீர் வழிந்தோடும் ஊரில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் நாங்கள் இருந்தது ராஜகீழ்ப்பாக்கத்தில், எண்பதுகளின் கடைசியில். வேளச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் பாதி மனை வீடு, பாதி மனை கருவேல முள். காம்பவுண்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிக்கிற தண்ணீர் லாரியில் வரும். அது எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. ஒரு குடம் நல்ல தண்ணீருக்காகக் குடுமிப்பிடிச் சண்டை நடந்த தெருவில்தான் இவள் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் டம்ளர் டம்ளராக ஊற்றிக்கொண்டிருந்தாள். தெருவில் அவளுக்குத் தண்ணீர்ப் பந்தல் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். கோபித்துக்கொண்டதில்லை.

நான் கல்யாணமாகி வந்த முதல் வீடு அது. ஒரே காம்பவுண்டில் வரிசையாக நாலு போர்ஷன். எங்களுக்கும் அவளுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். அவளுக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, எப்போதும் இழுத்துச் செருகிய புடவை, அதிகம் சிரிக்காத முகம். அவள் வீட்டுக்காரர் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அந்தத் தோல் வாசனை போகாது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். குரோம்பேட்டையிலிருந்து வீடு மாறி வந்தவர்கள். பிள்ளை குட்டி இல்லை.

அப்படித்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவளும் அப்படியே நினைத்துக்கொள்ள விட்டிருந்தாள். "எத்தினி வருஷமாச்சு? டாக்டராண்ட காட்டுனியா?" என்று லாரி வரிசையில் யாராவது வாயைக் கிளறினால், "பாத்தாச்சுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். எனக்கு வளைகாப்பு நடந்தபோது பாயசத்துக்குப் பாலை அவள்தான் காய்ச்சிக் கொடுத்தாள். ஆனால் வளையல் போடக் கூப்பிட்டபோது ஆளைக் காணோம். பெரியவர்கள், பாவம், தெரிந்து ஒதுங்கிக்கொண்டாள் என்றார்கள். எனக்குக் கஷ்டமாக இருந்தது. போய்க் கூப்பிட்டேன். "எனக்கு வேண்டாம்மா. நீ நல்லா இரு. மத்தியானத்துல இருந்து தண்ணி குடிச்சியா?" என்றாள்.

அதுதான் எனக்கு எரிச்சல். மாசமாக இருந்த அத்தனை நாளும் அவளுடைய கண்காணிப்பிலேயே இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். குடித்தாயா, எவ்வளவு குடித்தாய், ஏன் குடிக்கவில்லை. சில நாள் குடித்துவிட்டேன் என்று பொய் சொல்வேன். நம்ப மாட்டாள். டம்ளரோடு வந்து நிற்பாள். இப்படியும் ஒரு மனுஷியா என்று என் வீட்டுக்காரரிடம் புலம்பியிருக்கிறேன். அவர், "தண்ணிதானே தர்றாங்க, விஷமா தர்றாங்க?" என்று பேப்பரைப் புரட்டுவார்.

ஒரு தரம் லாரி வந்து, அவள் முறை வந்து, குடம் நிரம்பிவிட்டது. பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்த சித்தாள் ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு ஓரமாக நின்றாள். பிள்ளை குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கேட்கக்கூட இல்லை. இவள் குடத்தை அப்படியே இறக்கி, சொம்பில் மொண்டு பிள்ளை வாயில் வைத்தாள். அது குடித்து முடிக்கும்வரை முன்னால் யாரையும் விடவில்லை. பின்னால் நின்ற பெண்கள் கத்திய கத்தலில் லாரிக்காரர் குழாயை மூடிவிட்டார். இவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளையிடம் குனிந்து, "போதுமா? போதுமாடா? இன்னும் வேணுமா?" என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் எனக்கு என்னவோ போல் இருந்தது.

நாய்க்குட்டி வந்தது ஐப்பசி மழையில். தாம்பரம் ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் நனைந்து கிடந்ததாம். அவள் வீட்டுக்காரர் ரெக்சின் பைக்குள் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் கறுப்பு. அவர் காலைச் சுற்றிக்கொண்டு பேண்டையே நக்கியது. தோல் வாசனைக்கு மயங்கிவிட்டது என்றார். பொட்டைக் குட்டி. ஆனாலும் அவள் முதல் நாளிலிருந்தே அதை "டேய்" என்றுதான் கூப்பிட்டாள். நான் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் "வாடா டேய்" என்பாள். அது வந்த பிறகுதான் அவள் பல்லை நான் முழுசாகப் பார்த்தேன். அடுப்படியில் அதோடு பேசிக்கொண்டே இருப்பாள். அவர் வேலைக்குப் போகும்போது என் வாசலில் நின்று அதைக் கேட்டுவிட்டுப் போவார். ரேடியோவில் நல்ல பாட்டு வந்தால் நின்று கேட்கிற முகம் அவருக்கு.

குட்டிக்கு எல்லாம் வந்தது. அடக்கிக்கொள்ள மட்டும் வரவில்லை. பொது வராண்டாவில் தினமும் குட்டை குட்டையாக நிற்கும். ஹவுஸ் ஓனர் அந்த ஊரின் பழைய குடும்பம். விவசாயம் பார்த்த நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு, மிச்சத்தில் இந்தப் போர்ஷன்களைக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். கடப்பாரைக் குரல். சுவரில் ஆணி அடித்தால் தன் நெஞ்சில் அடித்த மாதிரி ஓடி வருவார். அந்த வராண்டாவின் சிவப்புத் தரை அவருடைய பெருமை. அவரே முன்னால் நின்று போட வைத்தது.

"இன்னாம்மா இது? அவன் அவன் வூட்ல வாசல்ல கோலம் போடுவான். இங்க வராண்டாவுல கோலம் போட்டுகினு கீது உன் நாயி!"

முதலில் சொட்டு நீலம் கலந்த தண்ணீரை பாட்டில்களில் நிரப்பி வராண்டா ஓரமாக வைத்தார். அதைக் கண்டால் நாய் அந்தப் பக்கமே வராது என்று ஊரெல்லாம் நம்பிய காலம். எங்கள் குட்டி ஒரு பாட்டிலின் மேல் வசதியாகச் சாய்ந்துகொண்டு காரியத்தை முடித்தது. நாங்கள் சிரித்த சிரிப்பில் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பொங்கலுக்கு வெள்ளை அடிக்கப் போறேன். அதுக்குள்ள பயகிச்சின்னா இருந்துட்டுப் போட்டும். இல்லன்னா சேலையூர் ஏரியாண்ட கொண்டு போய் வுட்டுட்டு வந்துருவேன். அப்பால வந்து அயுவாதே."

சொன்னால் செய்கிற ஆள். இதற்கு முன் மூணாவது போர்ஷன்காரர் வளர்த்த கோழிகளை அப்படித்தான் ஒழித்துக்கட்டினார். அன்றைக்கு அவள் முகம் செத்துப்போனது.

அதிலிருந்து குட்டியைப் பழக்குவதுதான் அவளுக்கு முழுநேர வேலை. காம்பவுண்டே யோசனை சொன்னது. சாம்பல் தூவச் சொன்னார்கள், தூவினாள். கோணிப்பையைப் போடச் சொன்னார்கள், போட்டாள். நனைத்த இடத்தில் மூக்கைத் தேய்த்து நாலு வைக்கச் சொன்னபோது மட்டும், "அடிக்கிற வேலை வேண்டாம்" என்று உள்ளே போய்விட்டாள். அவளுடைய வழி வேறு. குட்டி தண்ணீர் குடித்து முடித்ததும் தூக்கிக்கொண்டு எதிர் மனைக்கு ஓடுவாள். அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, இலையில் சோறு ஆறினாலும் சரி. மணலில் இறக்கிவிட்டு, கைக்குழந்தையைக் காலில் உட்கார வைத்துக்கொண்டு தாய்மார்கள் செய்வார்களே, அந்த மாதிரி "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் கொடுப்பாள். அவ்வளவு பழக்கமாகச் செய்தாள். பிள்ளை பெறாதவளுக்கு அது எப்படி வந்தது என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

ஓனரம்மாவுக்கு அவள்மேல் இரக்கம் உண்டு. ஒரு நாள் வந்து தணிவாகச் சொன்னார். "ஏம்மா, ஆறு மணிக்கு மேல தண்ணி காட்டாதே. உள்ள போனாத்தான வெளிய வரும்? எங்க வூட்டு நாய்ங்கள்லாம் அப்டித்தான் பயகிச்சு. ஒரே வாரத்துல நின்னுரும்."

நியாயமான யோசனையாகத்தான் எனக்கும் பட்டது. குட்டியின் அலுமினியக் கிண்ணம் அவள் வீட்டு வாசலில் எப்போதும் தளும்பத் தளும்ப இருக்கும். பாதி குடித்துவிட்டு நிமிர்ந்தால் போதும், மறுபடியும் ஊற்றிவிடுவாள். அப்புறம் வராண்டாவில் குட்டை நிற்காமல் என்ன செய்யும்?

"அது மட்டும் முடியாதுங்க" என்றாள்.

"ராத்திரிக்கு மட்டுந்தாம்மா."

"முடியாதுங்க."

ஏன் என்று சொல்லவில்லை. ஓனரம்மா முகம் சுண்டிப் போய்விட்டது. எனக்கும் கோபம். நாய் வேண்டும், ஆனால் நாய்க்காக இந்தச் சின்ன விஷயத்தைக்கூடச் செய்ய மாட்டேன் என்றால் இது என்ன பிடிவாதம்?

மார்கழி முடியப் போகிறது. சுண்ணாம்பு மூட்டை வந்து இறங்கிவிட்டது. குட்டி முன்னைக்குத் தேவலை, ஆனாலும் ஒரு நாள் நன்றாக இருந்தால் மறுநாள் வராண்டாவில் கால் நனையும். அவள் வீட்டுக்காரருக்குத்தான் தவிப்பு அதிகம். சுண்ணாம்பு மூட்டையைத் தாண்டும்போதெல்லாம் அதை ஒரு பார்வை பார்ப்பார். நாய் போய்விட்டால் மறுபடியும் அந்த வீட்டில் பேச்சே இருக்காது என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் காய்கறி வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அவர் கிண்ணத்தை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து அசடு வழிந்தார். "ஒரு நாள் பாப்போம்மா. அந்தம்மா சொன்னதுல தப்பில்லையே." குட்டி கிண்ணம் இருந்த இடத்தை மோந்து பார்த்தது. அவர் காலைச் சுற்றியது. கொஞ்ச நேரம் கழித்து, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சோப்புத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலை நக்க ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து அவள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். முதலில் குட்டியைப் பார்த்தாள். அப்புறம் வாசலைப் பார்த்தாள். பை கையிலிருந்து நழுவி, கத்தரிக்காய் முற்றமெல்லாம் உருண்டது.

"கிண்ணம் எங்க?"

"இல்ல, இன்னைக்கு ஒரு நாள் மட்டும்..."

ஓங்கி அறைந்துவிட்டாள். எங்கள் எல்லார் கண் முன்னாலும், கட்டிய புருஷனை. அவர் கன்னத்தைப் பிடித்துக்கொள்ளக்கூட இல்லை.

"நீங்களுமா? தெரிஞ்சுமா? தெரிஞ்சும் நீங்களுமா?"

அந்தக் குரலை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. உள்ளே ஓடி ஒரு சொம்பு நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து, வாய்க்கால் ஈரத்திலேயே உட்கார்ந்து, உள்ளங்கையில் ஊற்றி ஊற்றிக் குட்டிக்குக் காட்டினாள். அது குடிக்கக் குடிக்க அவள் தோள் குலுங்கியது. நாலு போர்ஷன் கதவிலும் ஆட்கள் நின்றார்கள்.

என் வீட்டுக்காரர் அவரைக் கையைப் பிடித்து எங்கள் வீட்டுக்குள் அழைத்துவந்தார். காபி போட்டுக் கொடுத்தேன். அது ஆறுகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அவராகவே சொன்னார்.

"எங்களுக்கு ஒரு பையன் இருந்தாம்மா. ஏழு வயசு. எல்லாம் எப்பவோ பழகின பையன். திடீர்னு படுக்கையை நனைக்க ஆரம்பிச்சான். தினமும். இவதான் துவைச்சு துவைச்சுப் போடுவா. பொழுது சாஞ்சா தண்ணி குடுக்காதீங்க, தானா நின்னுடும்னு எல்லாரும் சொன்னாங்க. எங்க அம்மா சொன்னாங்க, இவ அம்மாவும் சொன்னாங்க. நாங்களும் குடுக்கலை. அவன் கேட்டுக்கிட்டே இருந்தான். இவ பானையை எடுத்து மேல வெச்சுட்டா. ஒரு நாள் குளியலறையில பக்கெட்டுக்குள்ள தலையை விட்டுக் குடிச்சுக்கிட்டிருந்தான். இவ அடிச்சா. நானும் அடிச்சேன். இளைச்சுக்கிட்டே வந்தான், வளர்ற பையன்னு நினைச்சோம். வாந்தி எடுத்து மயங்கினதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். சர்க்கரைன்னாங்க. பச்சைப் பிள்ளைக்கு சர்க்கரை வரும்னு எங்களுக்கு யாரும்மா சொன்னது? கண்ணே தொறக்கலை. போயிட்டான். 'நிறைய தண்ணி கேட்டிருப்பானே, நீங்க கவனிக்கலையா'ன்னு டாக்டர் கேட்டார். சாதாரணமாத்தான் கேட்டார். இவ பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா."

காபியைக் குடிக்காமலேயே எழுந்து போனார். போகும்போது, "அவளை யாரும் தப்பா பேச வேண்டாம்னு சொல்லுங்க" என்றார்.

வயிற்றுக்குள் என் பிள்ளை உதைத்துக்கொண்டிருந்தது. நான் சமையலறைக்குப் போய் அழுதேன். பிள்ளையே பிறக்கவில்லை என்று ஊர் நினைப்பது, இருந்தானே என்று சொல்லுவதைவிட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தால் பொய் சொல்லாமல் குடித்தேன். ஓனரிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை. சொன்னால் மனசு இளகியிருப்பார். ஆனால் அதைச் சொல்கிற உரிமை எங்களுக்கு இல்லை.

அப்புறம் எனக்கு மகள் பிறந்தாள். அக்கா வீட்டில் நாய் பெரிதாக வளர்ந்து காம்பவுண்டுக்கே காவலானது. அவருக்கு வேலை மாறியதும், நாயோடு கீழ்க்கட்டளைப் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். நாங்களும் ஊர் மாறினோம். தொடர்பு விட்டுப்போயிற்று. என் மகள் சின்ன வயசில் இரண்டு நாள் சேர்ந்தாற்போலத் தண்ணீர் அதிகமாகக் கேட்டாலே நான் அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடியிருக்கிறேன். வெயில் காலம்மா, பயப்படாதீங்க என்று அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

அவள் தன் பிள்ளையைப் பற்றி என்னிடம் பேசியது ஒரே ஒரு தடவைதான். அது வெள்ளை அடிக்க ஆள் வந்த அன்றைக்கு. சாமான்களையெல்லாம் முற்றத்தில் எடுத்துப் போட்டிருந்தோம். ஓனர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். அவர் கண் ஒன்று சுவரிலும் இன்னொன்று குட்டியிலும் இருந்தது. அது கிண்ணம் காலியாகிறவரை குடித்தது. வயிறு உப்பிவிட்டது. அக்கா இரண்டு கையிலும் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, அதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாமல் அப்படியே நின்றாள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குட்டி வராண்டாவைப் பார்த்தது. படி இறங்கியது. நேரே கேட்டுக்குப் போய், மூடியிருந்த கம்பியைக் காலால் பிறாண்டியது. திறக்கவில்லை என்றதும் திரும்பி எங்களைப் பார்த்து முனகியது. மறுபடியும் பிறாண்டியது.

"அட!" ஓனர்தான் முதலில் ஓடினார். "இன்னாம்மா இது, கேட்டாண்ட நின்னுகினு தொறன்னு கேக்குது!"

அவரே கேட்டைத் திறந்துவிட்டார். அது ஓடிப் போய் எதிர் மனை மணலில் உட்கார்ந்தது. எழுந்து, பின்னங்காலால் மண்ணைத் தள்ளிவிட்டு ஓடிவந்தது. வெள்ளை அடிக்கிறவர்கள்கூட மட்டையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். ஓனருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தானே பழக்கிய மாதிரி மீசையைத் தடவிக்கொண்டார்.

"வாயில்லா ஜீவன். அது கேக்கறது நம்மளுக்கே புரியுது பாரேன். சரி சரி, இருந்துட்டுப் போட்டும் வுடு."

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "அக்கா, ஜெயிச்சுட்டீங்க" என்று அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினேன். அவள் சிரிக்கவில்லை. பாத்திரங்களை மெதுவாகக் கீழே வைத்தாள். குட்டி வாலை ஆட்டிக்கொண்டு அவள் காலடிக்கு வந்து நின்றது. அதைப் பார்த்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"என் புள்ள வாயத் தொறந்து கேட்டாம்மா. தண்ணி குடும்மா, தண்ணி குடும்மான்னு வாயத் தொறந்துதான் கேட்டான்."